வரி கட்டுபவன் காசில், வரி கட்டுபவனுக்கு எதிராகவே லாபியா?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஒரு ஊரில் சொத்துவரி கட்டுகிறீர்கள். வரி ஏறிக்கொண்டே போகிறது. "கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள்" என்று உங்கள் சட்டசபை உறுப்பினரிடம் போய்ச் சொல்கிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் ஊர் நிர்வாகம், "கட்டுப்படுத்தவே கூடாது" என்று அதே உறுப்பினரிடம் பேச, தலைநகரில் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. அவருக்கான சம்பளம் எங்கிருந்து போகிறது? நீங்கள் கட்டிய சொத்துவரியிலிருந்து!

அப்படியானால் நீங்கள் பேசுவதற்கும் நீங்களே செலவு செய்கிறீர்கள், உங்களை எதிர்த்துப் பேசுவதற்கும் நீங்களே செலவு செய்கிறீர்கள். இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை :-)

இது கற்பனைக் கதை இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பல வருடங்களாக நடக்கும் சண்டை. அங்கே மாநில வருமான வரி கிடையாது. அதனால் நகராட்சி, கவுண்டி (கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி, மொத்தம் 254 இருக்கின்றன), பள்ளிகள் எல்லாம் சொத்துவரியைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. 2019இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய நகரங்களும் கவுண்டிகளும் தங்கள் சொத்துவரி வருவாயை வருடத்துக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் ஓட்டு கேட்க வேண்டும். இதை நகராட்சிகளும் அவற்றின் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. அதே கூட்டத்தொடரில்தான், பொதுப்பணத்தைக் கொடுத்து லாபி ஆட்களை வைக்கக் கூடாது என்ற மசோதாவும் வந்தது. மாநில செனட்டில் நிறைவேறியது, கீழவையில் தோற்றது. 2021, 2023, 2025 என்று ஒவ்வொரு வழக்கமான கூட்டத்தொடரிலும் திரும்பத் திரும்ப இதே கதைதான்: செனட் நிறைவேற்றும், கீழவையைத் தாண்டாது.

லாபி என்றதும் லஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். லாபி செய்பவர் அங்கே பதிவு செய்துகொண்டு தொழில் நடத்துபவர். சட்டம் இயற்றுபவர்களைப் பார்த்துப் பேசி, தன்னை அமர்த்தியவருக்குச் சாதகமாக முடிவெடுக்க வைப்பது அவர் வேலை. ஒரு கம்பெனி தன் லாபத்திலிருந்து இதைச் செய்தால் அது கம்பெனிக்கும் பங்குதாரர்களுக்கும் உள்ள விஷயம். ஆனால் அரசு அமைப்பு வரிப்பணத்தில் செய்தால்?

வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதல்வர், முகவர் என்று படிக்கிறோமே (கோட்டையில் இருக்கும் முதல்வர் இல்லை மக்களே!), அந்த உறவுதான் இதுவும். முகவர் தன்னை நியமித்தவருக்காக உழைக்க வேண்டும். கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மக்கள்தான் முதல்வர், நிர்வாகம் முகவர் என்றால், முகவர் முதல்வரின் பணத்தை எடுத்து முதல்வரின் கையைக் கட்டிப்போட இன்னொரு முகவரை வைப்பது எந்த ஊர் நியாயம்?

இதைத் தடுக்க அமெரிக்காவில் பழைய சட்டங்களே உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தூண்டுவதற்காக அரசு நிதியில் விளம்பரம், தந்தி, தொலைபேசி, கடிதம் எதற்கும் செலவழிக்கக் கூடாது என்று 1919லேயே ஒரு சட்டம் போட்டார்கள். 2002 வரை அது குற்றவியல் சட்டமாகவே இருந்தது. அதன்கீழ் யாரும் தண்டிக்கப்பட்டதாகப் பதிவு இல்லை! அடுத்து 1989இல் செனட்டர் ராபர்ட் பைர்ட் கொண்டுவந்த திருத்தம். மத்திய அரசின் மானியமோ ஒப்பந்தமோ வாங்குபவர், அதை வாங்குவதற்கான லாபிக்கு அரசு நிதியைப் பயன்படுத்தக் கூடாது. சொந்தப் பணத்தில் செய்தால் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். மீறினால் 10,000 முதல் 1,00,000 டாலர் வரை அபராதம் என்று வைத்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த எவருக்கும் இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். பணத்துக்குப் பெயர் எழுதி ஒட்ட முடியாது. ஒரு நிறுவனம் இதுவரை ஆய்வகத்துக்குத் தன் சொந்தப் பணம் 10 லட்சத்தைச் செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 10 லட்சம் மானியம் வருகிறது. மானியத்தை ஆய்வகத்துக்கும், மிச்சமான சொந்தப் பணத்தை லாபிக்கும் எழுதிவிடலாம். வவுச்சர் எல்லாம் சுத்தம், ஆடிட்டர் கையெழுத்தும் கிடைத்துவிடும். நடந்தது என்னவோ அதேதான்.

"அப்படியென்றால் அரசுப் பணம் வாங்குகிற யாருமே வாயைத் திறக்கக் கூடாது என்று போட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் நான் நிறுத்திக்கொள்கிறேன். பிரிட்டன் அதை முயன்று பார்த்தது. அரசு மானியத்தை வைத்து அரசிடமே லாபி செய்கிறார்கள் என்று ஐ.இ.ஏ. என்ற சிந்தனைக் குழு 2012இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து 2016 பிப்ரவரியில், எல்லா மானிய ஒப்பந்தங்களிலும் லாபி தடைப் பிரிவு சேர்க்கப்படும் என்று அரசு அறிவித்தது. மே மாதம் அமலுக்கு வரவேண்டியது. தொண்டு நிறுவனங்களும் விஞ்ஞானிகளும் கொதித்துப் போனார்கள். வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யும் ஒரு அமைப்பு, "உங்கள் திட்டம் தெருவில் எப்படித் தோற்கிறது" என்று அமைச்சரிடம் சொல்லக் கூடாதா? மானியத்தில் ஆராய்ச்சி செய்தவர் அதன் முடிவை நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லக் கூடாதா? ஏப்ரலிலேயே அரசு அதை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் புது விதிமுறை வந்தது. மானியப் பணத்தில் லாபிக்குச் செலவு செய்வது கூடாது. ஆனால் அரசு கருத்துக் கேட்டால் பதில் சொல்வது, நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொல்வது போன்றவற்றுக்குத் தடையில்லை.

எனக்கு இந்தக் கோடு சரியாகப் படுகிறது. தகவல் சொல்வது வேறு, ஆள் வைத்துச் சாதிப்பது வேறு. பூட்டு போட வேண்டியது பணப்பைக்குத்தான், வாய்க்கு இல்லை.

டெக்சாஸ் நகராட்சிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அங்கே சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும், அதுவும் அதிகபட்சம் 140 நாள். அதற்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து விழும். எங்கோ மூலையில் இருக்கும் சின்ன கவுண்டி நிர்வாகி சொந்த வேலையை விட்டுவிட்டு ஆஸ்டின் நகரத்திலேயே உட்கார்ந்திருக்க முடியுமா? எண்ணெய் கம்பெனிகளும் ரியல் எஸ்டேட்காரர்களும் ஆள் வைத்துக்கொள்ளும்போது ஊராட்சியை மட்டும் வெறுங்கையோடு நிற்கச் சொல்வது சரியா?

நல்ல கேள்வி. ஆனால் மசோதாக்களைப் படித்து, "இதனால் உங்களுக்கு இன்ன பாதிப்பு" என்று சங்கம் தகவல் அனுப்புவதை யாரும் தடுக்க வேண்டாம். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு மேயரே பேசட்டும். மேயர் பேசினால் அவர் முகம் தெரியும், அடுத்த தேர்தலில் மக்கள் கேள்வி கேட்க முடியும். சம்பளத்துக்கு வந்தவரை எந்த ஓட்டால் தோற்கடிப்பது?

ஆக, என் கட்சி இதுதான்:

1. அரசு அமைப்புகள் வரிப்பணத்தில் வெளியாட்களை லாபிக்கு அமர்த்தக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அதிகாரிகளும் தாங்களே, வெளிப்படையாகப் பேசலாம்.

2. மானியம் வாங்கும் தொண்டு நிறுவனங்களும் ஆராய்ச்சியாளர்களும் கருத்துச் சொல்லத் தடையே கூடாது.

3. மானியம் வாங்குபவர், எந்தப் பணத்தில் செய்தாலும், மொத்த லாபிச் செலவையும் ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். பெயர் ஒட்டாத பணத்துக்கு இதுதான் மருந்து.

"நடைமுறையில் முடியாது" என்பவர்களுக்கு ஒரு உதாரணம். ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற இரண்டு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்கள் பல வருடங்களாக வாஷிங்டனில் லாபிக்குப் பணத்தை வாரி இறைத்தன. 2008 செப்டம்பரில் அவை ஆட்டம் கண்டபோது அமெரிக்க அரசு தன் பிடியில் எடுத்துக்கொண்டது. அன்றைக்கே லாபி வேலை அத்தனையும் நிறுத்தம் என்று ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்துவிட்டது. மக்கள் பணம் நுழைகிற நாளில் லாபி வெளியேற முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? அமெரிக்காவுடன் அணுசக்தி ஒப்பந்தம் பேசிய காலத்தில் இந்திய அரசும் வாஷிங்டனில் லாபி நிறுவனங்களை அமர்த்தியது. வெளிநாட்டில் நம் நலனுக்காகச் செய்வதும் உள்ளூர் மக்களுக்கு எதிராகச் செய்வதும் ஒன்றில்லைதான். ஆனால் அந்த ஒப்பந்தங்களையும் தொகையையும் ஒரு இந்தியன் பார்க்க வேண்டுமானால், அமெரிக்கா 1938இல் போட்ட வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டத்தின் ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும். லாபியைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. நம் பணத்தின் கணக்கை அடுத்தவன் நோட்டில் தேட வேண்டியிருக்கிறது.

முதல்வர் கேட்டால் முகவர் கணக்குக் காட்ட வேண்டும். கேட்க வேண்டியது நாம்தான்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு யார் பணமும் தேவையில்லை :-)