டிஜிட்டல் டிப்ஸ்: லேப்டாப் சாகவில்லை... டிரைவர்தான் இல்லை!

“அக்கா, லேப்டாப்பு செத்துப்போச்சுக்கா!”

கம்பத்திலிருந்து சித்தி மகள் போனில் கிட்டத்தட்ட அழுதேவிட்டாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சியில் சூரிய கிரகணத்தைக் கம்ப்யூட்டரில் காட்டுவதாகப் பெயர் கொடுத்துவிட்டாள். அதற்காக ‘ஸ்டெல்லேரியம்’ என்ற இலவச மென்பொருளை இறக்கியிருக்கிறாள். திறந்தால் திரை கறுப்பாகிறது. பிறகு ‘ஓபன் ஜிஎல் போதவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது, அத்தோடு மூடிக்கொள்கிறது.

பின்னாலிருந்து சித்தியின் குரல்: “கம்மல வச்சாவது புதுசு வாங்கிக் குடுத்துரலாம்ங்கிறாரு உங்க சித்தப்பா. திராட்சைக் காசு வந்ததும் மீட்டுக்கலாமாம்.”

“சித்தி, ஒரு மணி நேரம் பொறுங்க. கம்மல் காதுலயே இருக்கட்டும்” என்றேன்.

அந்த லேப்டாப் நான் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்தது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த இப்படிப்பட்ட லேப்டாப்கள் நம் ஊர்களில் எத்தனையோ வீட்டு பீரோ மேல் தூசி படிந்து கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், தூக்கிப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னதான் பிரச்னை?

ஸ்டெல்லேரியம் உங்கள் ஊர் வானத்தை அப்படியே திரையில் வரைந்து காட்டும். தேதியையும் ஊரையும் கொடுத்தால், அன்றைக்கு அங்கே எந்த நட்சத்திரம், எந்தக் கோள் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிடும். இத்தனையையும் நொடிக்கு நொடி வரைவது லேப்டாப்பில் உள்ள கிராபிக்ஸ் சிப். அந்தச் சிப்பிடம் வேலை வாங்கும் மொழிதான் ஓபன் ஜிஎல். ஸ்டெல்லேரியத்துக்குக் குறைந்தது அதன் 2.1 பதிப்பு வேண்டும்.

சிப்புக்கும் விண்டோஸுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். அது இல்லையென்றால் சிப் நன்றாக இருந்தாலும் பயனில்லை.

வீடியோ காலில் திரையைக் காட்டச் சொன்னேன். சந்தேகப்பட்டது சரிதான். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் லேப்டாப்பை ஃபார்மட் செய்திருக்கிறார்கள். விண்டோஸ் ஏறிவிட்டது, கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. படம் பார்க்கவும் டைப் அடிக்கவும் அதுவே போதும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

நீங்களே பார்ப்பது எப்படி?

1. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ போங்கள். அதில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதைத் திறங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருந்தால் டிரைவர் இருக்கிறது. ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் இல்லை. அந்தத் தற்காலிக டிரைவருக்குத் தெரிந்தது ஓபன் ஜிஎல் 1.1 மட்டும்தான்.

2. விண்டோஸ் அப்டேட்டில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். டிரைவர் அங்கேயே காத்திருக்கலாம். இல்லாவிட்டால் லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ‘சப்போர்ட்’ பக்கத்தில் தேடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். கூடவே வைரஸும் வரலாம்.

3. டிரைவர் ஏறியதும் ரீஸ்டார்ட் கட்டாயம். பலர் இதை விட்டுவிட்டு ‘சரியாகலை’ என்பார்கள்.

4. நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லையா? அதே டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். பழைய டிரைவர் திரும்பிவிடும்.

5. சிப் ரொம்பப் பழசு, புது டிரைவரே கிடையாது என்றால் ஸ்டார்ட் மெனுவில் ஸ்டெல்லேரியத்துக்குப் பக்கத்திலேயே ‘மெசா மோட்’ என்ற ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கிராபிக்ஸ் சிப்பின் வேலையைப் பிராசசரே செய்யும். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். ‘ஏ’ பட்டனைத் தட்டி வளிமண்டலத்தையும், ‘ஜி’ தட்டித் தரைக்காட்சியையும் அணைத்தால் கொஞ்சம் வேகம் கூடும்.

6. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் பழைய விண்டோஸுக்கான பதிப்பை இறக்குங்கள். புதிய பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும்.

எதுவும் சரிவரவில்லையா? ஸ்டெல்லேரியத்துக்கு மொபைல் ஆப்பும் இருக்கிறது, பிரவுசரில் திறக்கும் வெப் பதிப்பும் இருக்கிறது. கையில் இருக்கும் போனே போதும்.

அப்புறம் என்ன ஆச்சு?

சித்தப்பா போனின் ஹாட்ஸ்பாட்டில் டிரைவரை இறக்கினாள். ரீஸ்டார்ட் செய்தாள். ஸ்டெல்லேரியம் திறந்தது.

முதலில் ஒரு சோதனை வைத்தோம். ‘எஃப் 6’ தட்டி ஊரைத் திண்டுக்கல் என்றும், ‘எஃப் 5’ தட்டித் தேதியை 2019 டிசம்பர் 26, காலை ஒன்பதரை என்றும் கொடுத்தாள். (சில லேப்டாப்பில் ‘எஃப்என்’ பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) கோவையும் திண்டுக்கல்லும் கங்கண கிரகணம் பார்த்த காலை அது. திரையிலும் வளையம் வந்தது. கணக்கு சரி.

அடுத்தது அவள் காட்ட நினைத்த தேதி: 2031 மே 21, புதன்கிழமை. அன்று வரும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை, கேரளா வழியாக நம் கம்பம் பள்ளத்தாக்கின் மேலேயே போகிறது. நேரம், நண்பகல் தாண்டி. சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கும், சுற்றியுள்ள மலை மறைக்காது. வளையம் சுமார் 5 நிமிடம் நிற்கும்.

ஆனால் திரையில் வளையம் வரவில்லை! சூரியனை ஓரமாகக் கடித்த மாதிரிதான் தெரிந்தது.

“மறுபடியும் டிரைவராக்கா?” என்றாள். இல்லை, ஊர்தான் தப்பு. ஆந்திராவிலும் ஒரு கம்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். இவள் அந்தக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அட்சரேகை 9 டிகிரி 44 நிமிடம் வடக்கு, தீர்க்கரேகை 77 டிகிரி 17 நிமிடம் கிழக்கு என்று நம் கம்பத்தைக் கையால் டைப் அடித்ததும் தங்க வளையல் மாதிரி வந்து நின்றது சூரியன்.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது நம்ம தோட்டத்துல நின்னு பார்த்தாலே தெரியுமா?” என்று கேட்டாராம்.

தெரியும் சித்தப்பா. ஆனால் அன்றைக்கு வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, கிரகணக் கண்ணாடி வேண்டும். திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கம்மல் சித்தி காதிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கும் லேப்டாப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, டிவைஸ் மேனேஜரில் என்ன பெயர் இருக்கிறது என்று மட்டும் பாருங்களேன்!