பெயர் சைலன்சர், வேலை இரைச்சல்

இந்தியச் சாலைவழக்கில் வண்டியின் புகைக்குழாய்க்குச் சைலன்சர் என்றே பெயர். ஒலியை அடக்குவது அதன் கடமை என்பதைப் பெயரே உரைக்கிறது. குடும்பக் காரில் நிறுவனம் பொருத்தியதைக் கழற்றி, உறுமும் குழாயை மாட்டுவோரோ அதை 'மேம்பாடு' என்கின்றனர். எஞ்சின் மாறாமல் பின்குழாய் மட்டும் மாறினால் கூடும் திறன் அற்பம், கூடுவது ஓசையே. டெசிபல் 10 ஏறினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும்.

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் அமைதி மண்டலத்துக்கு வகுத்த இரவு வரம்பு 40 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவோ ரூ.10,000 வரை அபராதம் விதிக்கிறது.

'என் கார், என் உரிமை' என்னும் வாதம் காரின் கதவோடு முடிந்துவிடுகிறது. மருத்துவமனையில் உறங்க முயலும் நோயாளியிடம் எவரும் ஒப்புதல் கேட்டதில்லை. ஓட்டுநரை மறிக்கும் காவல்துறை, குழாயை மாட்டித்தந்த பட்டறையையும் தேடிச் செல்ல வேண்டும்.