கெஜட்டில் வந்த பிறகு கடையடைத்து என்ன பயன்?

ஒரு சட்டம் வந்து நம் கல்லாவைத் தொட்ட பிறகுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். உடனே அவசரக் கூட்டம், கருப்புக்கொடி, ஒருநாள் கடையடைப்பு, கலெக்டரிடம் மனு. பல வருடமாக இதைத்தான் பார்க்கிறோம். கலெக்டர் என்ன செய்வார் பாவம்? வாங்கி வைத்துக்கொண்டு, மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்பார். சட்டம் போட்டவர் அவரல்லவே.

டெல்லியில் சட்டம் உருவாகும் விதத்தை நம் வியாபாரிகள் ஒருமுறை பொறுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மசோதாவை மந்திரி சபையில் தாக்கல் செய்கிறார். பிறகு பொது விவாதம், ஷரத்து ஷரத்தாகப் பரிசீலனை, கடைசியில் ஓட்டு. 543 பேர் கொண்ட லோக்சபாவில் நிறைவேறியது ராஜ்யசபாவுக்குப் போகும். அங்கும் இதே நடைமுறைதான். பண மசோதாவாக இருந்தால் மட்டும் ராஜ்யசபாவால் தடுக்க முடியாது. 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அதன்பின் ஜனாதிபதி கையெழுத்து, கெஜட்.

தாக்கலுக்கும் விவாதத்துக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அதைத்தான் நாம் தட்டுவதில்லை. 1993 முதல் இலாகாவாரியாக நிலைக்குழுக்கள் உள்ளன. இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் லோக்சபாவிலிருந்து 21 பேர், ராஜ்யசபாவிலிருந்து 10 பேர். சில மசோதாக்களுக்கென்றே தனியாகத் தெரிவுக்குழு அமைப்பதும் உண்டு. அங்கே கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது, டி.வி. காமிராவும் கிடையாது. சபையில் மேஜையைத் தட்டுகிற அதே எம்.பி., அங்கே ஷரத்தைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்.

ஜி.எஸ்.டி. வந்த கதையைப் பாருங்கள். 2015 மே மாதம் லோக்சபா நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்த மசோதாவில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஒரு சதவீதம் வரை கூடுதல் வரி என்று ஒரு ஷரத்து இருந்தது. உற்பத்தி மாநிலங்களின் இழப்பை ஈடுகட்ட என்று காரணம் சொன்னார்கள். இதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஊஞ்சாவிலிருந்து சீரகமும் குண்டூரிலிருந்து மிளகாயும் இறக்கும் நமக்கு, பத்து லட்ச ரூபாய் சரக்கு என்றால் பத்தாயிரம் வரை கையை விட்டுப் போயிருக்கும். ராஜ்யசபாவில் அன்று அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. மசோதா தெரிவுக்குழுவுக்குப் போயிற்று, ஆட்சேபணைகள் குவிந்தன. 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ராஜ்யசபா நிறைவேற்றியபோது அந்த ஒரு சதவீதம் அதில் இல்லை. இன்றும் நம்மில் பலருக்கு, தப்பித்தது கூடத் தெரியாது!

இதற்கு நேர்மாறு 2020. மூன்று வேளாண் மசோதாக்களும் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அவற்றில் ஒன்று அத்தியாவசியப் பொருள் சட்டத் திருத்தம். இருப்புக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. நமக்கு லாபமானதுதான், மறைக்கவில்லை. ஆனால் என்ன ஆயிற்று? 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. ஜூலையில் அதே பழைய 1955-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் பருப்புக்கு இருப்பு வரம்பு போட்டார்கள். நவம்பர் 29-ஆம் தேதி மூன்று சட்டங்களும் ஒரே நாளில் இரண்டு சபையிலும் விவாதமே இல்லாமல் ரத்தாயின. எல்லோரையும் கேட்டு ஆற அமரப் போட்டிருந்தால் நமக்குக் கிடைத்த சலுகையாவது மிஞ்சியிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

2009 முதல் 2014 வரை இருந்த லோக்சபாவில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்ததில் சுமார் 16. எந்தக் கட்சி ஆண்டாலும் இது நமக்கு நல்லதல்ல. வியாபாரத்தைத் தொடும் மசோதா எதுவானாலும் குழுவுக்கு அனுப்பச் சொல்லி நம் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டும். அதை மசோதா தாக்கலான வாரமே கேட்க வேண்டும்.

குழுக்கள் கருத்துக் கேட்டு விளம்பரம் தரும்போது பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் பேரேடு எழுதியே பழகிய நாம் இதற்கு யாரைத் தேடி ஓடுவது? கடையடைப்புக்கு ஒருநாள் வியாபாரத்தை விடுகிறோமே, அதில் ஒரு பங்கு போதும், மசோதா படித்துச் சொல்ல விவரமறிந்த ஒருவரைச் சங்கத்தில் சம்பளத்துக்கு வைக்கலாம். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். ஆட்சேபணை உள்ளவர்கள் அன்று நேரில் வந்து சொல்லட்டும்.