விற்பனைக்கு வரும் வீட்டின் வெளிப்பக்கம்

சென்னையில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது என்றால் முதலில் பெயின்டர் வருவார். பட்டி பார்த்து இரண்டு கோட் அடிப்பார். சமையலறை அலமாரிகளுக்குப் புதுக் கதவு, ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், குளியலறைக்குப் புதுக் குழாய்கள் என்று சில லட்சங்கள் உள்ளேயே கரையும். விளம்பரப் படங்களும் ஹாலில் தொடங்கிப் படுக்கையறையோடு முடிந்துவிடும். பக்கவாட்டுச் சந்தில் மிஞ்சிய டைல்ஸும் உடைந்த வாஷ்பேசினும் துருப்பிடித்த கட்டிலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பால்கனியில் வாஷிங் மெஷின் நிற்கும். மொட்டை மாடிக்கு யாரையும் கூட்டிப்போவதே இல்லை. ஆனால் பார்க்க வருகிறவர்களில் ஒரு சாரார் முதலில் கேட்பதே இந்த இடங்களைத்தான். மாடித்தோட்டம் போடுகிறவர்கள், விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்கள், பறவை பார்க்கப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பைனாகுலரோடு போகிறவர்கள், 2020 ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த பிறகு திறந்த இடம் இல்லாத வீடே வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் என்று இவர்கள் பல வகை. இவர்களை மனதில் வைத்து வீட்டை விற்க நினைப்பவர் புதிதாக எதையும் வாங்கி வைக்க வேண்டாம். வெளிப்பக்கத்தில் தாமே அடைத்ததையும் மூடியதையும் எடுத்தால் போதும் என்பது என் கட்சி.

விற்பதற்காக வீட்டை ஒழுங்குபடுத்திக் காட்டுவது அமெரிக்காவில் தனித் தொழிலாகவே நடக்கிறது. சியாட்டில் பகுதியில் வீடு விற்றுக் கொடுக்கும் முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் 1970களில் பரப்பிய வழக்கம் அது. அந்நாட்டு ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், வாங்குவோர் தரப்பு முகவர்களில் 81 சதவீதத்தினர், இப்படி ஆயத்தம் செய்த வீட்டில் தாம் குடியிருப்பதாகக் கற்பனை செய்துபார்க்க வாங்குபவருக்கு எளிதாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் விற்பனையில் கமிஷன் பெறுகிறவர்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்தத் தொழிலின் முதல் பாடம் கவனிக்கத் தக்கது: முதலில் பொருள்களைக் குறை, பிறகுதான் அலங்காரம். நம் ஊர் அடுக்குமாடி நிறுவனங்கள் மாதிரி வீடு என்று காட்டுவதில் இந்தப் பாடத்தின் பின்பாதி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் புல் விரிப்பு, வாடகைத் தொட்டிச் செடிகள், யாரும் உட்காராத பிரம்பு ஊஞ்சல். பிளாஸ்டிக் புல் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடும். செடி வளர்த்துப் பழகிய ஒருவருக்கு, நேற்று நர்சரியிலிருந்து வந்திறங்கிய தொட்டியை அடையாளம் காண ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைக் கண்டுபிடித்தவுடன் குளியலறைக் குழாயைப் பற்றியும் சந்தேகம் வரும்.

எடுக்க வேண்டியவற்றில் முதலாவது பால்கனி அடைப்பு. கிரில் போட்டு, கண்ணாடிச் சட்டம் பொருத்தி, பூஜை அறையாகவோ பிள்ளையின் படிப்பறையாகவோ மாற்றிய பால்கனிகள் நகரத்தில் ஏராளம். குடியிருந்தவருக்கு அது தேவையாக இருந்திருக்கும். விற்கும்போது அது ஓர் அரைகுறை அறை, அவ்வளவுதான். அனுமதி பெற்ற வரைபடத்தில் பால்கனி என்றிருப்பது நேரில் அறையாக நின்றால், கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளரும் கேள்வி கேட்கக்கூடும். தனி வீடுகளில் இதைவிடப் பெரிய தவறு சுற்றிலும் போட்ட சிமெண்ட் தளம். செட்பேக் என்று சட்டம் விடச் சொன்ன இடத்தை ஓர் அங்குலம் விடாமல் பூசி, அதன் மேல் தகரக் கூரையும் இறக்கிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தச் சேகரிப்புத் தொட்டியின் வாயே சிமெண்டுக்கு அடியில் இருக்கிறது. தளத்தை ஒரு பக்கமாவது உடைத்து மண்ணைத் திறப்பதும், தொட்டியைத் தூர்வாருவதும், கிணறு இருந்தால் சுத்தம் செய்து மேலே வலை போடுவதும் ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நீர் ஊறும் கிணற்றின் மதிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணில் ஒரு கறிவேப்பிலை மரமோ பவழமல்லியோ ஏற்கெனவே நின்றால், விற்கும் முன் ‘சுத்தமாக’ இருக்கட்டும் என்று அதை வெட்டுவதைப் போன்ற மடமை வேறில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த ஊர் இது. மரம் வீட்டின் மேல் விழும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு மருந்து கிளைகளைக் கழிப்பது, அடியோடு வெட்டுவதல்ல.

இந்த வெயிலில் யார் ஐயா வெளியே உட்காருவார்கள், ஆறு மணிக்குக் கொசு வந்துவிடுமே என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி உண்மை. மே மாத நடுப்பகலில் சென்னை மொட்டை மாடி யாருக்கும் உகந்த இடமல்ல. ஆனால் கோடையில் பெரும்பாலான நாள்களில் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் காலை முழுவதும் வெளியே இருக்கலாம். வீடு காட்டுவது மட்டும் எப்போதும் புரோக்கரின் வசதிப்படி பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடக்கிறது. மேற்குப் பார்த்த பால்கனியைக் காலையிலும் கிழக்குப் பார்த்ததை மாலையிலும் காட்டினால் அந்த இடமே வேறு. வாஸ்துக்காக ஈசான்ய மூலையை அங்குலக் கணக்கில் அளந்து பார்க்கும் நாம், நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. நேரம் பார்த்துக் காட்டுவது ஏமாற்றாகாது. மேற்குப் பால்கனி மாலையில் காயும் என்பதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கொசுவுக்கு நெட்லான் வலைக் கதவும் தேங்கிய நீரை அகற்றுவதும்தான் வழி. சந்தில் கிடக்கும் அந்த உடைந்த வாஷ்பேசின் கொசுவுக்குத்தான் வீடு.

சென்னையில் வீட்டுக்கு எங்கே விலை, மனைக்குத்தானே விலை என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு கிரவுண்டில் நிற்கும் பழைய தனி வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் அதை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறவர். அவருக்குக் கறிவேப்பிலை மரமும் ஒன்று, தகரக் கூரையும் ஒன்று. அப்படிப்பட்ட வீட்டை விற்பவர் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை; வில்லங்கச் சான்றும் பட்டாவும் ஒழுங்காக இருந்தால் போதும். நான் சொல்வது குடியிருக்க வாங்குபவரைத் தேடும் வீடுகளுக்கு, அதாவது கைமாறும் அடுக்குமாடி வீடுகளுக்கும் புறநகரின் தனி வீடுகளுக்கும். அங்கேதான் ஒரே தெருவில் ஒரே அளவில் பத்து வீடுகள் விற்பனைக்கு நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஃபால்ஸ் சீலிங். திறந்த மண்ணும் நிழலும் உள்ள பதினோராவது வீடு அங்கே தானாகவே தனித்துத் தெரியும்.

இதில் சட்டம் போட்ட கோடு ஒன்று உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற தோட்டத்தைத் தை மாதத்தில் பூத்துக் குலுங்கக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது ஆயத்தமாகாது, மறைப்பாகும். அதேபோல, மேல்தள வீட்டுக்காரர் பலர் மொட்டை மாடி தங்களுக்கே சொந்தம் என்ற தோரணையில் அதையும் விலையில் சேர்க்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பால்கனியையும் தனி உரிமையுள்ள திறந்த மாடியையும் கார்ப்பெட் ஏரியா கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், ‘பிரைவேட் டெரஸ்’ என்று விளம்பரம் செய்வது பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடும்.

பொது மாடியென்றால் விற்பவர் செய்ய எதுவுமில்லை என்றும் ஆகிவிடாது. பல குடியிருப்புகளில் மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க பிளம்பர் வரும்போது மட்டும் கதவு திறக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகளைக்கூட, தளம் ஒழுகும் என்று சொல்லி வைக்க விடாத சங்கங்கள் இருக்கின்றன. கூலிங் டைல்ஸ் ஒழுங்காகப் பதித்து, செடிப் பைகளைச் சற்று உயர்த்தி வைத்து, வடிநீருக்கு வழி செய்தால் அந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. எனவே விளம்பரம் கொடுக்கும் முன் விற்பவர் போக வேண்டிய இடம் பெயின்ட் கடையல்ல, சங்கத்தின் கூட்டம். குடியிருப்பவர்கள் மாடியை எந்த நேரத்தில் பயன்படுத்தலாம், எத்தனை தொட்டி வைக்கலாம், துணிக்கொடி கட்டலாமா என்பதற்கு ஒரு தீர்மானம் எழுத்தில் வாங்கினால், அதன் நகலை வரைபடத்தோடு சேர்த்தே வாங்குபவர் கையில் கொடுக்கலாம்.