காந்தம் மாட்டினா மைலேஜ் ஏறுமாம்!

புனேவுல பழைய பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் வெச்சிருக்கற நம்மூர் மக்களே, பெட்ரோல் குழாய்ல காந்தம் மாட்டுங்கன்னு எவனாவது வந்தா விரட்டி விடுங்க. பெட்ரோல் என்ன இரும்பா?

2001-ல வந்த 100 குதிரைசக்தி வண்டி அது, ஆல்ட்டோ கணக்கா கொடுக்காது. ஆனா முன்ன கொடுத்தது இப்ப குறைஞ்சா காரணம் இருக்கு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டா இன்ஜின் சூடேறாது. கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும். ஆக்சிஜன் சென்சார் செத்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். இதையெல்லாம் பார்க்காம, அழகுக்கு அகல டயர் வேற! (டயர்க் கடைக்காரர் கோச்சுக்கட்டும்.)

இப்ப பங்க்ல வர்றது 20% எத்தனால் கலந்தது. எத்தனால்ல லிட்டருக்கு சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அந்தக் குறைச்சலுக்கும் காந்தத்துல மருந்து கிடையாது. அந்தக் காசை சென்சாருக்குப் போடுங்க.