ஜனவரிக்கு எண் பூஜ்யமாம்!

இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது பிறந்த தேதிப் பெட்டி சிவப்பாகி, "தவறான தேதி" என்று அதட்டும். பக்கத்தில் நிற்கும் பையன் உடனே, "பெரியவரே, சரியாப் போடுங்க" என்பான். கடலூரிலும் சிதம்பரத்திலும் என் வயதுக்காரர்கள் பலர் இப்படித் தலைகுனிந்து திரும்புகிறார்கள். குனிய வேண்டியது நம் தலை அல்ல என்பதே என் கட்சி.

பெட்டிக்குப் பின்னால் நின்று சரிபார்ப்பது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி. 1995 மே மாதம் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். முதலில் மோச்சா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட். அப்போது ஜாவா என்ற வேறொரு மொழிக்கு ஏக மவுசு. அதில் பங்கு கேட்டு, டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது.

பத்து நாளில் எழுதியது குற்றமில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் எதையும் முதலில் 'புரூய்யோன்' என்கிற ரஃப் நோட்டில்தான் எழுதுவோம். திருத்திய பிறகே நல்ல நோட்டு. அரசு அலுவலகத்திலும் அதே முறைதான். எழுத்தர் வரைவு வைப்பார், கண்காணிப்பாளர் திருத்துவார், அப்புறம்தான் ஃபேர் காப்பி. இங்கோ வரைவே ஆணையாக வெளியே போய்விட்டது!

விளைவைப் பாருங்கள். இந்த மொழியில் நாள் 1-இல் தொடங்கும். மாதமோ பூஜ்யத்தில் தொடங்கும். ஜனவரி 0, டிசம்பர் 11. பிப்ரவரி 30 என்று கொடுத்தால் ஆட்சேபணை இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளி ஏற்றுக்கொள்ளும். இந்தத் தேதிக் கணக்கை ஜாவாவிலிருந்துதான் நகலெடுத்தார்கள். ஜாவாக்காரர்களோ 1997-லேயே அதில் பெரும்பகுதியைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். நகல் வைத்திருப்பவர் விடவில்லை.

05/07/1949 என்றால் நமக்கு ஜூலை 5. எழுதிய பொறியாளர் கவனித்து மாற்றாவிட்டால், இது அமெரிக்க வழக்கப்படி மே 7 என்று படிக்கும். 13/07/1949 என்றால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பப்பட்டவர் பிழைத்தார். 12-ஆம் தேதிக்குள் பிறந்தவருக்குச் சத்தமில்லாமல் வேறு தேதி பதிவாகும். பணிப்பதிவேட்டில் ஒரு தேதி, கணினியில் ஒரு தேதி என்றால் பென்ஷன்காரர் படும் பாடு நமக்குத் தெரியாததா?

எழுத்து எண்ணுவதும் அப்படியே. கடலூர் நமக்கு நான்கு எழுத்து, இதற்கு ஆறு. சிதம்பரம் நமக்கு ஆறு, இதற்கு ஒன்பது. துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இந்தக் கணக்கை நம்பி "இருபது எழுத்துக்குள் பெயர்" என்று விதி வைத்தால் தமிழ்ப் பெயர் பாதியில் நிற்கும்.

"திருத்தினால் பழைய பக்கங்கள் எல்லாம் உடைந்துவிடும்" என்பது அவர்கள் வாதம். அரசாங்கம் விதி திருத்துவதில்லையா? பழைய கோப்புக்குப் பழைய விதி, புதியதற்குப் புதிய விதி என்று ஒரு வரி சேர்த்தால் போயிற்று. அவர்களே 2009-இல் 'கண்டிப்பு முறை' என்று அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கோப்பின் தலையில் ஒரு வரி எழுதினால் சில பழைய சலுகைகள் ரத்து. அப்போதும் பூஜ்ய ஜனவரியைத் தொடவில்லை. டெம்பொரல் என்ற புதிய தேதி முறை 2025-இல்தான் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு வந்தது. அதில் ஜனவரி 1. இதற்கு முப்பது ஆண்டு! பழைய முறையும் கூடவே இருக்கிறது.

விண்ணப்பம் தயாரிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாளுக்கு ஒரு பெட்டி, ஆண்டுக்கு ஒரு பெட்டி வையுங்கள். மாதத்தின் பெயரை எழுத்தால் போடுங்கள். ஜூலை என்று எழுதினால் எந்த நாட்டுக்காரர் படித்தாலும் ஜூலைதான்.

நண்பர்களே, அடுத்த முறை பெட்டி சிவந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள். "தம்பி, இதில் நாள் முதலா, மாதம் முதலா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.