பந்தை எடுப்பவனுக்கும் ஒரு கோப்பை

கைப்பந்துப் போட்டி என்றால் கிராமத்தில் அது பாதித் திருவிழா. சுண்ணாம்புக் கோடு போட்டு, கம்பம் நட்டு, வலை கட்டி, இருட்டியதும் விளக்கைப் போட்டால் வெறும் திடல் அரங்கமாகிவிடும். கூட்டத்தின் கண் எப்போதும் வலைக்குப் பக்கத்தில்தான். நெட்டையாக ஒருவர் எகிறி ஓங்கி அடித்தால் விசில் பறக்கும். அதே அடியை எதிர்ப்பக்கம் பின்வரிசையில் முழங்கால் மடக்கி நின்ற குள்ளமான பையன் கையில் வாங்கி, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தலைக்கு மேல் கொண்டுபோய் வைத்தால் கூட்டம் ஒரு நொடி மூச்சு விடும். பிறகு அடுத்த ஸ்மாஷுக்குக் காத்திருக்கும்.

பரிசு அறிவிப்பிலும் பெரும்பாலும் இதே கணக்குதான். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த ஸ்மாஷர் என்று கோப்பைகள் வரிசையாக இருக்கும். பந்தைத் தரையில் விழாமல் எடுத்தவருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது.

புதுச்சேரியின் வடமேற்கு ஓரத்தில், விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தும் அதன் கடைத்தெருவான திருக்கனூரும் இந்தக் கணக்கை மாற்றிக் காட்டலாம். உள்விளையாட்டரங்கமும் வெளிநாட்டுப் பயிற்சியாளரும் அதற்குத் தேவையில்லை. முதல் பந்தை எடுப்பது தனியாகக் கற்க வேண்டிய ஒரு தொழில் என்று பள்ளியும் ஊர் அணிகளும் ஏற்றுக்கொண்டால் போதும்.

உலகக் கைப்பந்துக் கூட்டமைப்பு இதை ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1998-ல் ‘லிபரோ’ என்ற தனி ஆட்டக்காரர் விதிப்புத்தகத்துக்குள் வந்தார். மற்ற ஐவரிடமிருந்து மாறுபட்ட நிறச் சட்டை. பின்வரிசையில் மட்டும் ஆட்டம். சர்வீஸ் போடக் கூடாது, வலையருகே அடியைத் தடுக்கும் பிளாக்குக்குக் கை தூக்கக் கூடாது, வலையின் உயரத்துக்கு மேல் இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. சாதாரண மாற்று ஆட்டக்காரர்களை ஒரு செட்டுக்கு ஆறு முறைதான் இறக்கலாம். லிபரோவுக்கு அந்த எண்ணிக்கை இல்லை. இடையில் ஒரு பந்து முடிந்தால் போதும், அவர் உள்ளே வரலாம், வெளியே போகலாம். கூடாது, கூடாது என்று இத்தனை தடை போட்ட விதி அவருக்கு விட்டுவைத்தது ஒரே வேலை: பந்து விழக் கூடாது.

சிறிது காலத்தில் புள்ளி முறையும் மாறியது. முன்பு பெரும்பாலும் சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. எடுக்கும் அணி வென்றால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். இப்போது யார் வென்றாலும் புள்ளி. ஐந்தாவது செட்டைத் தவிர மற்றவை 25-ல் முடிகின்றன. சர்வீஸை ஒழுங்காக எடுப்பது என்பது நேராகப் புள்ளி எடுப்பதற்கான முதல் படியாகிவிட்டது. 2019-ல் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பை வென்ற புரோ வாலிபால் லீகில் செட்டுக்கு 15 புள்ளிதான். அந்த அளவு குறுகிய ஆட்டத்தில் மூன்று சர்வீஸை அடுத்தடுத்துத் தவறவிட்டால் செட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

ஆனாலும் நம் நினைவில் நிற்பவர்கள் யார்? கேரளத்து ஸ்மாஷர் ஜிம்மி ஜார்ஜைச் சொல்வோம். தமிழ்நாட்டில் என்றால் 1961-ல் கைப்பந்துக்கான அர்ஜுனா விருது பெற்ற ஏ. பழனிச்சாமி, 1982-ல் அதே விருதைப் பெற்றுப் பின்னாளில் பயிற்சியாளராக துரோணாச்சார்யா விருதும் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன், செட்டர் மோகன் உக்கிரபாண்டியன் என்று அடுக்குவோம். ஓர் இந்திய லிபரோவின் பெயரைச் சொல்லச் சொன்னால் தீவிர ரசிகரும் கொஞ்சம் யோசிப்பார்.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி, அதற்கு முந்தைய ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற தென்கொரியாவை 3-2 என்று சாய்த்தது. கடைசி செட் 17-15. இரண்டே இரண்டு பந்துகள் அந்த வெற்றியைத் தீர்மானித்தன. பின்வரிசையின் நேர்த்திக்குப் பேர்போன ஜப்பானைக் காலிறுதியில் சந்தித்தபோது 3-0 என்று தோற்றது. முடிவில் ஆறாம் இடம். அடிக்கத் தெரிந்தவர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் கடக்க அது மட்டும் போதவில்லை.

ஜப்பானின் அந்த நேர்த்தி ஒரு பஞ்சாலையில் தொடங்கியது என்பதைப் பஞ்சாலைகளை அறிந்த புதுச்சேரிக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்கலாம். ஒசாகா அருகே கைசுகாவில் இருந்த நிச்சிபோ ஆலையின் பெண் ஊழியர்கள் பகலில் வேலை பார்த்து, மாலையிலிருந்து நள்ளிரவைத் தாண்டியும் பயிற்சி செய்தார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, பெரும்பாலும் அந்த ஆலைப் பெண்களைக் கொண்ட ஜப்பான் அணி சோவியத் அணியை வீழ்த்தித் தங்கம் வென்றது. எதிரணியினர் உயரம், பலம் இரண்டிலும் மிஞ்சியவர்கள். பயிற்சியாளர் டைமாட்சு கண்ட வழி ‘உருண்டு எடுத்தல்’: பாய்ந்து பந்தை எடு, விழுந்த வேகத்திலேயே தோளில் உருண்டு எழுந்து நில். தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும் ஒரு ஜப்பானியப் பொம்மையைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். நம் வீட்டுக் கொலுவில் இருக்கும் தஞ்சாவூர்ப் பொம்மையின் பங்காளி அது. டைமாட்சுவின் பயிற்சி கொடுமையானது என்ற விமர்சனம் அன்றே இருந்தது; அந்தக் கடுமையை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. உயரத்தை வாங்க முடியாது, எடுக்கும் திறனை வளர்க்க முடியும் என்ற அவருடைய கணக்கு மட்டும் இன்றும் செல்லும்.

அந்தக் கணக்குக்குப் பின்னால் வந்த சாட்சிகளும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியின் லிபரோ யூகோ சானோவின் உயரம் 159 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் ‘உயரம் பத்தாது’ என்று ஓரமாக உட்கார வைக்கப்படும் பெண்களின் உயரம். 2016 ரியோவில் தங்கம் வென்ற பிரேசில் ஆண்கள் அணியின் லிபரோ செர்ஜியோவுக்கு அப்போது வயது 40. தொடர் முழுவதிலும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விதிப்படி ஒரு ஸ்மாஷ் கூட அடிக்க முடியாத ஒருவரை.

அப்படியென்றால் இந்தத் தொழிலில் கற்க என்ன இருக்கிறது? முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து நொடிக்கு 25 மீட்டர் போகும். வலையிலிருந்து 7 மீட்டர் தள்ளி நிற்பவரை அது அடைய 0.28 நொடி. கண் பார்த்து உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அடித்த பிறகு ஓடி எடுக்கலாம் என்பது நடக்காத காரியம். அடிப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும்: செட்டர் பந்தை வலையை ஒட்டிக் கொடுத்தாரா, தள்ளிக் கொடுத்தாரா, அடிப்பவர் எந்தக் கோணத்தில் ஓடி வருகிறார், அவருடைய தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, நம் பிளாக் எந்தப் பாதையை மூடிவிட்டது, எதைத் திறந்துவிட்டது. நல்ல லிபரோ பந்தைத் துரத்துவதில்லை. பந்து வருமிடத்தில் முன்கூட்டியே நிற்கிறார்.

ஊர் மைதானங்களில் அடிக்கடி காணும் பிழைகள் மூன்று. இரண்டு கையையும் கோத்துக்கொண்டே ஓடுவது முதல் பிழை. ஓடும்போது கை தனியாக இருக்க வேண்டும், பந்து வரும் கணத்தில்தான் சேர வேண்டும். எதிராளி அடிக்கும் நொடியில் இன்னும் நகர்ந்துகொண்டே இருப்பது இரண்டாவது. அந்த நொடியில் எடை முன்பாதத்தில் இருக்க, இரு காலும் ஊன்றி நின்றால்தான் எந்தப் பக்கமும் பாய முடியும். வேகமான சர்வீஸைக் கையை வீசித் தூக்குவது மூன்றாவது பிழை. வேகம் பந்திலேயே இருக்கிறது. முன்கைகளைப் பலகைபோல் நீட்டி, தோளைச் செட்டர் பக்கம் சாய்த்தாலே பந்து அங்கே போய்ச் சேரும்.

இவற்றோடு வாயும் வேலை செய்ய வேண்டும். இருவருக்கு நடுவே விழுந்து, ‘நீ எடுப்பேன்னு நெனச்சேன்’ என்று இருவரும் முகம் பார்த்துக்கொள்ளும் புள்ளிகள் ஊர் ஆட்டத்தில் ஏராளம். முன்கூட்டியே குரல் கொடுத்து அந்தப் பந்தைத் தனதாக்கிக்கொள்வது லிபரோவின் வேலை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மண் தரையில் எப்படி டைவ் அடிப்பது? முழங்கையும் முட்டியும் தேய்ந்து ரணமாகாதா? நியாயமான கேள்விதான். செம்மண் இறுகிய திடலில் பிள்ளைகளைப் பாயச் சொல்வது முட்டாள்தனம். ஆனால் நீளம் தாண்டுவதற்கென்று பள்ளிகளில் வெட்டிவைத்த மணல் குழி, விளையாட்டு விழா முடிந்தால் அடுத்த ஆண்டு வரை சும்மாதான் கிடக்கிறது. அதைக் கிளறிவிட்டு, கல் பொறுக்கி, உருளவும் பாயவும் அங்கே கற்றுக்கொடுக்கலாம். மீதிப் பயிற்சிக்கு ஒரு சுவர் போதும். சுவரில் அடித்துத் திரும்பும் பந்தைத் தொடர்ந்து ஐம்பது முறை ஒரே இடத்துக்கு எடுக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதித் தொழில் கைவந்துவிட்டது.

எதிலும் அளவு வேண்டும். சர்வீஸ் எடுப்பதை மதிப்பிட உலகமெங்கும் பயிற்சியாளர்கள் எளிய முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். செட்டர் நினைத்தபடி யாருக்கும் கொடுக்கும் வகையில் பந்து போனால் 3, இரண்டு மூன்று வழிகள் மட்டும் மிஞ்சினால் 2, எப்படியோ உயிரோடு இருந்தால் 1, புள்ளியே போனால் 0. வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். சராசரி 2-ஐத் தாண்டினால் அணி தைரியமாக ஆடலாம். யார் நல்லவர் என்ற சண்டைக்குத் தேநீர்க் கடை பெஞ்சில் அல்ல, அந்த நோட்டில் பதில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. குள்ளமாக இருக்கிறான் என்பதற்காக ஏழாம் வகுப்புப் பையனை லிபரோ என்று முத்திரை குத்தி ஓரங்கட்டிவிடக் கூடாது. அவன் பிளஸ் டூவில் ஆறடி வளரலாம். பதினைந்து வயது வரை எல்லோரும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும். நெட்டையானவனும் பின்வரிசையில் குனிந்து பந்தெடுக்க வேண்டும். லிபரோ சட்டை அதற்குப் பிறகு வரட்டும். அதுவும் மிச்சமிருப்பவனுக்கு அல்ல, ஆட்டத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு.

சோற்றுக்கும் இதில் தொடர்பு உண்டு. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று கைப்பந்தால் வேலைக்குப் போனவர்களின் வரிசை சென்னையில் நீளமானது. அந்த அணிகளுக்கும் லிபரோ வேண்டும். லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை ஓய்ந்து கிடக்கும் இந்தப் பகுதியில், உயரமில்லாத ஒரு பிள்ளைக்கும் திறந்திருக்கும் கதவு அது. எல்லோரும் ஸ்மாஷராக வேண்டும் என்று ஒரே வாசலில் முண்டியடிக்கும்போது இந்த வாசலில் கூட்டம் குறைவு.

பொறுப்பு மூன்று பேருக்கு இருக்கிறது. கல்வித்துறை, பள்ளி அணித் தேர்வில் உயரத்தோடு பந்தெடுக்கும் சோதனையையும் சேர்க்கலாம். கைப்பந்துச் சங்கத்தினர் கொம்யூன் அளவில் சர்வீஸ் எடுப்பதற்கென்றே ஒரு நாள் முகாம் நடத்தலாம். பெண்கள் ஆட்டத்தில் பந்து வெகுநேரம் உயிரோடு இருப்பதால் அந்த முகாமைப் பெண்கள் அணிகளிலிருந்தே தொடங்கலாம். ஊர்ப் போட்டி நடத்தும் இளைஞர்களுக்கு உள்ள வேலை இன்னும் சுலபம். அடுத்த பொங்கலுக்கு நோட்டீஸ் அச்சடிக்கும்போது, சிறந்த ஸ்மாஷர் என்ற வரிக்குக் கீழே ‘சிறந்த லிபரோ’ என்று ஒரு வரி சேர்த்து, இரண்டு கோப்பைகளையும் ஒரே உயரத்தில் வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.